இரண்டு கம்பிகள் இறங்கிய கதை

1536ஆம் ஆண்டு ஸ்பெயினின் வலென்சியா நகரத்து அச்சுக்கூடம் ஒன்றிலிருந்து 'எல் மாயெஸ்த்ரோ' என்ற இசைப் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் லூயிஸ் தெ மிலான். வலென்சியா அரசவையில் வளையவந்தவர். புத்தகத்தைப் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜுவாவுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். உள்ளே ஒரு படம்: கிரேக்கப் புராணத்து ஆர்ஃபியஸ் உட்கார்ந்து வாசிக்க, மிருகங்கள் மயங்கிக் கேட்கின்றன. அவர் மடியில் இருந்தது கிரேக்கத்து யாழ் அல்ல, ஸ்பெயின் தேசத்து விஹுவேலா. தன்னடக்கம் மிலானுக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை என்பதற்கு அந்த ஒரு படமே போதும்.

விஹுவேலா கிதாரின் உருவம் கொண்டது, ஆறு சோடிக் கம்பிகள். ஒரு கம்பியை ச என்று வைத்துக்கொண்டால் அடுத்த கம்பி ம. அதை ச என்று வைத்தால் அதற்கடுத்தது மறுபடி ம. இப்படியே ஏறிப் போகும் வரிசையில் ஓர் இடத்தில் மட்டும் இடைவெளி குறுகும்; அங்கே ச-வுக்கு அடுத்து க. அந்தக் குறுகல் சரியாக நடுவில், மூன்றாவது, நான்காவது கம்பிகளுக்கு இடையே இருந்தது. பிரபுக்களும் பாதிரியார்களும் அதை யோசிக்காமல் பிரடையைத் திருகிச் சுருதி சேர்த்து வாசித்தார்கள். அந்தக் குறுகல் ஒருநாள் காணாமல் போகும் என்றோ, நானூறு வருடம் கழித்து ஒரு ஜிப்சியின் விரலில் திரும்பி வரும் என்றோ அவர்களில் யாரும் நினைத்திருக்க முடியாது.

பத்து வருடம் கழித்து, 1546இல், செவில் நகரத்தில் அலோன்சோ முதார்ராவின் விஹுவேலா புத்தகம் அச்சானது. அதில் கொசுறாக, கிதாருக்கும் சில உருப்படிகள் இருந்தன. அன்றைய கிதாருக்கு நான்கே சோடிக் கம்பிகள். உருவத்திலும் மரியாதையிலும் விஹுவேலாவுக்குக் கீழேதான். ஆனால் முதார்ரா அந்தச் சின்ன வாத்தியத்துக்கு இரண்டு விதச் சுருதி குறிப்பிட்டிருந்தார்: ஒன்று பழைய சுருதி, மற்றது புதிய சுருதி. பழையதில் அடிக்கம்பி ஒரு முழுச்சுரம் கீழே இறங்கியிருக்கும். அதனால் அதற்கும் அடுத்த கம்பிக்கும் உள்ள உறவு ச–ம என்பதிலிருந்து ச–ப ஆகிவிடும். அடியில் ஒரு முழக்கம் கிடைக்கும். 1546இலேயே 'பழசு' என்று பெயர் வாங்கிவிட்ட அந்த வழக்கம் சீக்கிரமே மறைந்தது. புதிய சுருதிதான் நிலைத்தது.

விஹுவேலாவும் நிலைக்கவில்லை. நாற்பது ஆண்டுகளில் ஏழு புத்தகங்கள் அச்சாயின. 1576இல் வந்த எஸ்தேபான் தாசாவின் புத்தகத்தோடு அந்த வரிசை முடிந்தது. 1611இல் அகராதி தொகுத்த செபாஸ்தியான் தெ கோவார்ருபியாஸ் அதை நினைத்து ஒரு பாட்டம் புலம்பியிருக்கிறார். விஹுவேலாவைக் கற்பார் இல்லை, கிதார் வந்துவிட்டது, மாட்டு மணிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை, குதிரைக்கொட்டில் பையன்கூட வித்துவான் ஆகிவிட்டான் என்பது அவர் வயிற்றெரிச்சல். அகராதியில் இப்படிக் கோபப்பட்டு எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். கொட்டில் பையன்கள் விஷயத்தில் அவர் வாக்கு வேறுவிதமாகப் பலிக்க இருந்தது.

கிதார் வளர்ந்தது. நான்கு கம்பிக்கு அடியில் ஐந்தாவது சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முடியும்போது ஆறாவதும் சேர்ந்தது. நான்கு கம்பிக் கிதாரில் நடுநாயகமாக இருந்த ச–க குறுகல், அடியில் கம்பிகள் கூடக் கூட, ஓரமாக ஒதுங்கிப்போனது. ஆறு கம்பிக் கிதாரில் அது இரண்டாவது, மூன்றாவது கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டது. இ, ஏ, டி, ஜி, பி, இ என்று உலகம் முழுக்க இன்று கிதார் வகுப்பின் முதல் நாளில் சொல்லிக்கொடுக்கும் வரிசை அதுதான். விஹுவேலாவின் சுருதிக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு கம்பியில் ஓர் அரைச்சுரம். ஆனால் விஹுவேலாவே வழக்கொழிந்த பிறகு அதைப் பற்றி யாருக்கு அக்கறை?

அடுத்த காட்சி கிரனாடாவில், 1845–46 குளிர்காலத்தில். ரஷ்ய இசையமைப்பாளர் மிகாயில் கிளிங்கா ஸ்பெயின் நாட்டு இசையைத் தேடி அங்கே வந்து தங்கினார். அந்த ஊரில் பிரான்சிஸ்கோ ரோத்ரிகெஸ் முர்சியானோ என்று ஒரு கிதார்க்காரர் இருந்தார். நோட்டு இல்லை, பாடாந்தரம் இல்லை. மனம் போன போக்கில் கற்பனையாக விரித்து வாசிப்பவர். கிளிங்கா மணிக்கணக்காக எதிரே உட்கார்ந்து அதைத் தாளில் பிடிக்கப் பார்த்தார். வாசித்ததையே மறுமுறை வாசிக்காத மனிதரிடமிருந்து எதைப் பிடிப்பது? கடைசியில் முர்சியானோவின் மகன்தான் அப்பாவின் உருப்படி ஒன்றை எழுத்தில் கொண்டுவந்தார். அதன் பெயர் ரோந்தேன்யா.

மலைமேல் பெரும்பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் ரோந்தா ஊரை ஒட்டி வந்த பாட்டு வகை அது. மூன்று எண்ணிக்கையில் துள்ளும் ஃபந்தாங்கோ குடும்பத்தைச் சேர்ந்தது, ஆடலாம், கூடிப் பாடலாம். அந்தப் பெயர் பின்னால் முற்றிலும் வேறொரு பொருளின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

அதற்குள் தெற்கு ஸ்பெயினில், அந்தலூசியாவின் பாட்டும் ஆட்டமுமான ஃப்ளமென்கோ வீட்டு முற்றத்தை விட்டு காசுக்குப் பாடும் கபேக்களுக்கு வந்துவிட்டது. 1881இல் சில்வேரியோ பிரான்கொனெத்தி செவிலில் தன் பெயரிலேயே ஒரு கபே திறந்தார். சிறிய மேடை, நான்கைந்து நாற்காலி, பாடகர், ஆட்டக்காரிகள், ஓரத்தில் கிதார்க்காரர். கிதார்க்காரருக்குக் கிடைத்த இடமும் ஓரம்தான். பாடகர் தொண்டைக்கு ஏற்ப அவர் கிதார்க் கழுத்தில் மாட்டும் கேப்போ என்ற கவ்வியை ஒரு ஃப்ரெட் மேலேயோ கீழேயோ நகர்த்திக் கட்டிக்கொள்வார். அவ்வளவுதான் அவர் சுதந்திரம். ஒருவர் முடிக்க அடுத்தவர் எழுந்துவிடுவார். நடுவில் பிரடையைத் திருகி ஒரு கம்பியை இறக்கினால் அது ஆட்டுக்குடல் நரம்பு. இறக்கிய இடத்தில் நிற்க நேரம் பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் தானாகவே நழுவும். பாடகர் மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருப்பாரா? குடிகாரக் கூட்டம்தான் விடுமா? சுருதியை மாற்றிப் பார்க்கும் ஆசை யாருக்காவது வந்திருந்தாலும் அது வீட்டோடு நின்றிருக்கும்.

ரமோன் மொந்தோயா 1879இல் மாட்ரிடில் பிறந்தார். ஜிப்சிக் குடும்பம். தொழில், கால்நடை வாங்கி விற்பது. கோவார்ருபியாஸ் சபித்த கொட்டிலுக்கு வெகு பக்கத்திலிருந்துதான் இந்தப் பையன் வந்தான். பதின்வயதிலேயே கபேக்களில் வாசிக்க ஆரம்பித்து, மாட்ரிடின் கபே தெ லா மரினாவில் பெயர் வாங்கினான். நோட்டு வாசிக்கத் தெரியாது. காதில் விழுந்தது விரலுக்கு வந்துவிடும். பிறகு, ஹெரெஸ் நகரத்து அந்தோனியோ சக்கோன் என்ற பாடகரின் பக்கத்து நாற்காலி அவருக்குக் கிடைத்தது. அதிர்ஷ்டம் என்றால் அதுதான்.

சக்கோன் அந்தக் காலத்தின் பெரும்பாடகர். பெயருக்கு முன்னால் 'தோன்' போட்டு ஊரே மரியாதையாக அழைத்த பாடகர். குரல் உச்சஸ்தாயி, பாட்டு பெரும்பாலும் தாளக் கட்டில்லாத மலகேன்யாவும் கிரனாயீனாவும். ஓர் அடி பாடிவிட்டு நிறுத்துவார். அந்த இடைவெளியை நிரப்புவது கிதார்க்காரர் பொறுப்பு. தாளம் துரத்தாத இடத்தில் கிதார் நின்று நிதானமாகப் பேசலாம். வருடக்கணக்காக அந்த இடைவெளிகளில் வாழ்ந்துதான் மொந்தோயா தன் வாசிப்பைச் செதுக்கிக்கொண்டார் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அரை நிமிடம் கிடைத்த மனிதருக்கு, முழுசாக ஐந்து நிமிடம் கிடைத்தால் என்ன செய்வோம் என்ற எண்ணம் வராமலா இருக்கும்?

அவர் காது வேறு பக்கமும் திரும்பியது. பிரான்சிஸ்கோ தார்ரெகா செவ்வியல் கிதாரைப் புதுப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய 'கப்ரீச்சோ ஆராபெ' அடிக்கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கி வாசிக்கும் உருப்படி. முதார்ரா காலத்துப் பழைய தந்திரம்தான், ஆனால் சட்டை கசங்காத சபைகளில் அது இப்போது நாகரிகம். தார்ரெகாவின் சீடர் மிகேல் யோபெத்தின் வாசிப்பு மொந்தோயாவை உலுக்கியது. கேட்டதையெல்லாம் திருடினார். ஒரே சுரத்தை விரல்கள் மாறி மாறி விடாமல் மீட்டும் செவ்வியல்காரர்களின் ட்ரெமோலோவில் ஓர் அடி கூடச் சேர்த்து ஐந்தாக்கினார். ஃப்ளமென்கோ ட்ரெமோலோ என்று இன்று சொல்வது அவர் பெயரோடுதான் ஒட்டியிருக்கிறது.

திருடியவற்றில் இறங்கிய அடிக்கம்பியும் இருந்தது. அதோடு நிற்காமல் மூன்றாவது கம்பியையும் ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு அரைச்சுரம் இறக்கினார்.

இந்தப் பெருமையில் பங்கு கேட்பவர்களும் உண்டு. மிகேல் போருல் என்ற ஜிப்சி கிதார்க்காரர் கஸ்தெயோன் ஊர்க்காரர். தார்ரெகா பிறந்த வில்யார்ரியால் அங்கிருந்து கூப்பிடு தூரம், இருவருக்கும் பழக்கமும் இருந்தது. சுருதி போருலுடையது, மொந்தோயா அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று ஒரு கட்சி வாதாடும். கபேக்களில் ஒரு கிதார்க்காரர் கண்டுபிடித்ததை இன்னொருவர் மறுநாளே வாசித்துவிடும் உலகத்தில் இப்படி வழக்கு வராவிட்டால்தான் ஆச்சரியம். எதுவானாலும், அந்தச் சுருதியை வைத்துக்கொண்டு வீடு கட்டியவர் மொந்தோயா.

அந்த வீட்டின் அமைப்பு விசித்திரமானது. கம்பிகள் இப்போது டி, ஏ, டி, எஃப் ஷார்ப், பி, இ. அடியிலுள்ள நான்கையும் விரலே வைக்காமல் மீட்டினால் ஒரு முழு டி மேஜர் கார்டு மணிபோல் ஒலிக்கும். யாரும் அதைத்தான் வீடு என்று நினைப்பார்கள். மொந்தோயா அதை வாசற்படி ஆக்கினார். ஃப்ளமென்கோவின் சுரவரிசை ஏறக்குறைய நம் தோடியின் சுரங்கள். ஷட்ஜத்துக்கு அரைச்சுரம் மேலே சுத்த ரிஷபம், அங்கிருந்து ஷட்ஜத்தில் சரிந்து விழுவதில்தான் அதன் சோகமெல்லாம். மொந்தோயா சி ஷார்ப்பை ஷட்ஜமாக வைத்தார். ஆக, கீழே முழங்கிக்கொண்டே இருக்கும் டி, ரிஷபம்! இறங்கி உட்கார வேண்டிய ஷட்ஜமோ அரைச்சுரம் கீழே. அது அடிக்கம்பியில் கிடையாது, கம்பியே டி-யில்தான் தொடங்குகிறது. எட்டாத ஷட்ஜத்தை ஐந்தாவது கம்பியின் நான்காவது ஃப்ரெட்டில், ஒரு ஸ்தாயி மேலே தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகும் நிம்மதி இல்லை. மேலே திறந்து கிடக்கும் இ கம்பி சாதாரண காந்தாரமாக ஒலிக்க, விரல் பிடித்த நான்காவது கம்பியில் அந்தர காந்தாரம் ஒலிக்கும். இரண்டு காந்தாரமும் ஒரே கார்டில் உரசிக்கொள்ளும். கர்நாடக வித்துவான் கேட்டால் முகம் சுளிப்பார். அந்த உரசல்தான் அந்த இசையின் உயிர்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டு மாற்றமுமே இறக்கம். குடல் நரம்பை ஏற்றிக் கட்டினால் படாரென்று அறுந்து கையில் அடிக்கும். இறக்கினால் நழுவுமே தவிர அறாது. நைலான் கம்பி வர இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது. காசு போட்டு வாங்கிய நரம்பை எந்தக் கபே கிதார்க்காரரும் பரிசோதனைக்குப் பலி கொடுக்க மாட்டார்.

சக்கோன் 1929 தொடக்கத்தில் இறந்தார். பக்கத்து நாற்காலி காலியானது.

மொந்தோயாவுக்கு ஐம்பது வயதாகிவிட்டது. தனிக் கச்சேரிக்குக் கூட்டம் வரும் என்று ஸ்பெயினில் நம்பியவர்கள் குறைவு. பாடகர் இல்லாத ஃப்ளமென்கோ கிதாரை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? கதவைத் திறந்தவர் ஒரு மெக்சிகோக்காரர். மாரியுஸ் தெ சாயாஸ், கேலிச்சித்திரக்காரர், ஒரு காலத்தில் நியூயார்க்கில் நவீன ஓவியங்களுக்குக் கடை விரித்தவர், ஃப்ளமென்கோ கிதார்ப் பித்தர். அவர் ஏற்பாட்டில் மொந்தோயா பாரிஸுக்குப் போனார். சால் ப்ளேயல் அரங்கத்தில் தனியாக வாசித்தார். 'லா ப்வாத் ஆ மியூசிக்' என்ற சிறு நிறுவனத்துக்காகத் தட்டுகள் பதிவாயின. பாடகர் கிடையாது, ஆட்டம் கிடையாது. ஒரு கிதார் மட்டும். அது 1936. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்த ஆண்டு.

அந்தத் தட்டுகளில் ஒன்றில்தான் இறங்கிய இரண்டு கம்பிகளும் சாவகாசமாக, தாளத்தின் விரட்டல் இல்லாமல் பேசின. லேபிலில் இருந்த பெயர் ரோந்தேன்யா. முர்சியானோவின் துள்ளலுக்கும் இதற்கும் சம்பந்தம் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இதில் ஆட முடியாது, கூடிப் பாடவும் முடியாது. பெயர் ஒட்டிக்கொண்டது, ஒட்டியது பிறகு உரியவில்லை. இன்று உலகில் எந்த ஃப்ளமென்கோ கிதார்க்காரரிடம் 'ரோந்தேன்யா சுருதி' என்று சொன்னாலும் அவர் கை ஆறாவது பிரடைக்கும் மூன்றாவது பிரடைக்கும்தான் போகும்.

அந்த ஆண்டுக்கு இன்னொரு குறும்பும் பாக்கி இருந்தது. தார்ரெகாவின் மற்றொரு சீடர் எமிலியோ புஜோல், பாரிஸில் ஜாக்மார்-ஆந்த்ரே அருங்காட்சியகத்தில் ஒரு பழைய வாத்தியத்தைக் கண்டெடுத்தார். குவாதலூபே என்ற முத்திரை பதித்த அசல் விஹுவேலா. அதன் நகலைச் செய்ய வைத்து, 1936 ஏப்ரலில் பார்சிலோனாவில் கூடிய இசையியல் அறிஞர்கள் மாநாட்டில் அதன் குரலைக் கேட்க வைத்தார். மிலானின் புத்தகம் வந்து சரியாக 400 வருடம். ஊமையாகிக் கிடந்த வாத்தியம் பேசியது. அதன் சுருதியில் குறுகிய இடைவெளி எங்கே இருந்தது? மூன்றாவது, நான்காவது கம்பிகளுக்கு நடுவே!

மொந்தோயா இறக்கிய மூன்றாவது கம்பி செய்ததும் அதுவேதான். கிதாரில் ஓரமாக ஒதுங்கியிருந்த குறுகலை அது மறுபடி பழைய இடத்துக்கே தள்ளிவிட்டது. இறங்கிய அடிக்கம்பி முதார்ராவின் பழைய சுருதியை ஒத்தது, இறங்கிய மூன்றாம் கம்பி மிலானின் விஹுவேலாவை ஒத்தது. அறிஞர்கள் அருங்காட்சியகத்தில் தூசு தட்டி எடுத்ததை, நோட்டு படிக்கத் தெரியாத மாட்டு வியாபாரி மகன் காதாலேயே வந்தடைந்திருந்தார். தார்ரெகாவின் கூடத்தில் பழைய இசையை வாசிக்க மூன்றாம் கம்பியை இறக்கிக் காட்டியவர் யாரோ இருந்து, அது போருல் வழியாகவோ யோபெத் வழியாகவோ கபேக்குள் கசிந்திருக்கலாம் என்பது என் ஊகம். வெறும் தற்செயல் என்று வைத்துக்கொண்டாலும் சுவை குறையவில்லை.

மொந்தோயா 1949இல் மாட்ரிடில் இறந்தார். சுருதி இறக்கவில்லை. போர் லத்தீன் அமெரிக்காவுக்குத் துரத்திய, பின்னால் நியூயார்க்கில் குடியேறிய சபிக்காஸ் என்ற கிதார்க்காரர், தனிக் கிதாரைக் கச்சேரி மேடையின் மையத்துக்கே கொண்டுவந்தார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கு வந்த ஒரு பதின்வயதுப் பையன் அவர் எதிரே உட்கார்ந்து வாசித்துக் காட்டினான். வாசித்ததெல்லாம் நீன்யோ ரிக்கார்தோ என்ற கிதார்க்காரரின் உருப்படிகள். சபிக்காஸ் கேட்டுவிட்டு, அடுத்தவர் சரக்கை விட்டுச் சொந்தமாக ஏதாவது செய் என்றார். பையனுக்குச் சுருக்கென்றது. அவன் பெயர் பாக்கோ தெ லூசியா.

பாக்கோ ரோந்தேன்யாவை விடவே இல்லை. 1976இல் 'அல்மொராய்மா' தட்டில் ஒன்று. அதற்கு வைத்த பெயர் 'குயேவா தெல் காத்தோ', ரோந்தாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குகை. ஊரை விட்டு எங்கோ போய்விட்ட பெயரை அவர் அந்த மலைக்கே கூட்டிவந்தார். 1987இல் 'சிரோகோ' தட்டில் மகன் கூர்ரோவுக்காக இன்னொன்று. அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் துணிந்தார்கள். எந்தக் கம்பியை எவ்வளவு இறக்கலாம் என்று ஆளுக்கொரு கணக்கு. சோலேயா, புலேரியா போன்ற ஃப்ளமென்கோ வகைகளைத் தலைமுறை தலைமுறையாக ஒரே சுருதியில் கேட்டுப் பழகிய காதுக்கு அவற்றில் சில இன்னும் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கின்றன.

1992இல் பாக்கோவின் உயிர்த்தோழர், பாடகர் காமரோன் தெ லா இஸ்லா இறந்தார். ஆறு வருடம் கழித்து வந்த 'லூசியா' தட்டு அம்மாவின் பெயரில் அமைந்தது. அதன் கடைசி உருப்படி 'காமரோன்'. சுருதி, ரோந்தேன்யா. பாடகர் இல்லாமல் கிதார் தனியே நிற்பதற்காக மொந்தோயா இறக்கிய அதே இரண்டு கம்பிகளின் மேல், பாடகர் என்று தன்னை ஒருநாளும் சொல்லிக்கொள்ளாத பாக்கோ வாயைத் திறந்து பாடியிருக்கிறார்.